நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை

நம்ம பக்கத்தில் கோயில் திருவிழா, கல்யாணம் எதுவானாலும் நாதஸ்வரம் இல்லாமல் நடக்காது. ஆனால் இன்று நாம் கேட்கிற கனமான, தாழ்ந்த சுருதி நாதஸ்வரம் அந்தக் காலத்தில் இல்லை, தெரியுமா? அதைக் கொண்டுவந்தவர் நம்ம காவிரிக் கரைக்காரர்தான்.

ராஜரத்தினம் பிள்ளை 27.8.1898-ல் திருமருகலில் பிறந்தார். இயற்பெயர் பாலசுப்ரமணியம். சின்ன வயசிலேயே அப்பா குப்புசாமி பிள்ளை காலமாகிவிட, மாமா திருமருகல் நடேச பிள்ளை எடுத்து வளர்த்தார். மாமா, திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்வான். பிள்ளை முதலில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் பாட்டு கற்றார். பிறகுதான் நாதஸ்வரம்.

அப்போது எல்லோரும் வாசித்தது ‘திமிரி’. குட்டைக் குழல், உச்ச சுருதி. நாலு வீதிக்கும் கேட்கும். சாமி புறப்பாட்டுக்கு அது சரி. ஆனால் மேடையில் உட்கார்ந்து, பாடுகிற குரல் மாதிரி மணிக்கணக்காக ராகம் வாசிக்கத் தாழ்ந்த சுருதிதான் சுகம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான ‘பாரி’ நாதஸ்வரத்தை அவருக்காகச் செய்து கொடுத்தார். முன்பு சிரமப்பட்டு வரவழைத்த சுத்த மத்தியமம் இதில் சுலபமாக வந்தது.

வாங்கினவுடனே வாசித்துவிட முடியுமா? குழல் நீண்டால் சுருதி இறங்கும், ஆனால் துளைகளும் தள்ளித் தள்ளிப் போய்விடும். விரலை அகட்டி வைக்கணும். சீவாளியும் பெரிசு, மூச்சும் அதிகம் வேணும். திமிரியில் ஊறிய கை மறுபடி பழகணும். பிள்ளை பழகினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவையும் வைத்துக்கொண்டார்.

நாதஸ்வரக்காரர் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டி, நின்றுகொண்டே வாசிக்கணும் என்பது அந்நாள் வழக்கம். பிள்ளை சட்டை போட்டார், மேடையில் சமமாக உட்கார்ந்து வாசித்தார். வாத்தியத்தின் சுருதியைத் தாழ்த்தினார், வாசிப்பவரின் தலையை நிமிர வைத்தார்!

1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. 12.12.1956-ல் மறைந்தார். தோடி ராகம் என்றாலே இன்றும் அவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது எங்கும் ஒலிப்பது பாரிதான்.

நண்பர்களே, அடுத்த திருவிழாவில் பக்கத்தில் போய் அந்தக் குழலின் நீளத்தைப் பாருங்கள். தெரிந்த வித்தையையே மறுபடி முதலிலிருந்து பழகத் தயங்காத ஒருவர் நம்ம ஊர்ப்பக்கம் வாழ்ந்தார் என்பது ஞாபகம் வரட்டும்.