அமீலியா எர்ஹார்ட் அம்மையார்

ஆகாய விமானம் ஓட்டிய மாதருள் அமீலியா எர்ஹார்ட் அம்மையாரின் பெயரைக் கேளாதார் மிகச் சிலரே. அவர் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனித்துக் கடந்த தீரத்தைப் பலரும் பாராட்டுவர். அவரது இறுதிப் பிரயாணத்தின் கடைசிச் சில மணி நேரமோ அதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆதலின் அதனையே ஈண்டுச் சற்று விரித்துரைக்கப் புகுந்தோம்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்து ஆச்சிஸன் நகரில் பிறந்தார். முதல் உலக யுத்த காலத்தில் கனடா தேசத்து டொராண்டோ நகரில் காயமுற்ற போர்வீரர்க்குப் பணிவிடை செய்தார். 1921-இல் நீட்டா ஸ்நூக் என்னும் பெண்மணியாரிடம் விமானம் ஓட்டக் கற்றார். 1928-இல் இரு ஆடவருடன் வெறும் பிரயாணியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது உலகம் அவரைப் புகழ்ந்தது. அவரோ தாம் ஒரு மூட்டைபோல் ஏற்றிச் செல்லப்பட்டதாகவே எண்ணி நாணினார். அந்நாணம் தீர, 1932-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூபவுண்டுலாந்திலிருந்து தனியே புறப்பட்டு, உயரங்காட்டும் கருவி பழுதுற்றும், இறக்கைகளில் பனி உறைந்தும் அஞ்சாது, ஏறக்குறைய 15 மணி நேரத்தில் அயர்லாந்து சேர்ந்தார். 1935-இல் ஹொனலூலுவிலிருந்து கலிபோர்னியாவுக்கும் தனித்தே பறந்தார்.

பின்னர் உலகைச் சுற்றிவரத் துணிந்தார். 1937 மார்ச்சில் மேற்குமுகமாகச் செய்த முதல் முயற்சி ஹொனலூலுவில் விமானம் தரையில் சுழன்று முறிந்ததால் தடைப்பட்டது. அப்போது உடனிருந்த ஹாரி மானிங் என்பவர் மோர்ஸ் சங்கேதத்தில் வல்லவர். அவர் அதன்பின் உடன்வரவில்லை. இவ்விழப்பை அக்காலத்தில் எவரும் பெரிதாகக் கருதியதாகத் தோன்றவில்லை. வழிகாட்டுவோராகிய பிரெட் நூனனுடன் ஜூன் 1-ஆம் தேதி மயாமியிலிருந்து கிழக்குமுகமாகப் புறப்பட்ட அம்மையார், தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, கராச்சி, கல்கத்தா, ரங்கூன் முதலிய இடங்களைக் கடந்து மாத இறுதியில் நியூகினியின் லே என்னும் ஊரை அடைந்தார்.

அடுத்து இறங்கவேண்டிய இடம் ஹௌலந்துத் தீவு. லேயிலிருந்து அது 2,500 மைலுக்கு மேற்பட்ட தூரம். நீளம் ஒன்றரை மைல், அகலம் அரை மைல். அமெரிக்க அரசாங்கத்தார் அங்கே ஓடுபாதைகளைச் செப்பனிட்டு வைத்திருந்தனர். ஆயின் வருவோர்க்கு வழி சொல்லும் கோபுரம் ஏதுமில்லை. கரைக்கருகே நின்ற இட்டாஸ்கா என்னும் காவற்கப்பலின் வானொலியே அத்தீவுக்கு வாயும் செவியுமாக இருந்தது.

ஜூலை 2-ஆம் தேதி காலை 10 மணிக்கு விமானம் லேயை விட்டெழுந்தது. இரவில் 3105 கிலோசைக்கிளிலும் பகலில் 6210-லும் பேசுவது ஏற்பாடு. கப்பலிலிருந்த திசையறி கருவியோ தாழ்ந்த அலைவரிசைகளுக்கே பயன்படுவது. 500 கிலோசைக்கிளில் அனுப்புதற்குரிய நெடுங்கம்பியோ விமானத்தில் இல்லை. மோர்ஸ் சங்கேதத்தில் இருவருக்கும் போதிய பழக்கமில்லை. போதாக்குறைக்கு, அம்மையார் கிரீன்விச் நேரத்தைக் கொண்டார். கப்பலார் அரைமணிக் கூறுடைய தம் நேரத்தைக் கொண்டனர்.

பொழுது விடியவிடிய அவரது குரல் வலுத்து வந்தது. கப்பலார் மாறிமாறி விடையிறுத்தும் அவர் அதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. கப்பல் நேரப்படி காலை 7.42-க்கு, தீவின்மேல் வந்திருக்கவேண்டும் என்றும், ஒன்றும் புலப்படவில்லை என்றும், எண்ணெய் குறைகிறது என்றும், 1,000 அடி உயரத்தில் பறப்பதாகவும் அறிவித்தார். பின்பு 7500 கிலோசைக்கிளில் ஒலி அனுப்பக் கேட்டார், கப்பல் அனுப்பியது, அது கேட்டது என்றும், ஆயினும் அதனால் திசை துணிய இயலவில்லை என்றும் கூறினார். கப்பலிலிருந்து அவர் பெற்றதாகச் சொன்ன ஒலி இஃதொன்றே. அவ்வலைவரிசையிலோ கப்பலால் சங்கேதந்தான் அனுப்பக்கூடும், வாய்ப்பேச்சு அனுப்ப முடியாது! 8.43-க்கு ஒரு திசைக்கோட்டின்மீது வடக்கும் தெற்குமாகப் பறப்பதாகச் சொல்லி, 6210-க்கு மாறுவதாக அறிவித்தார். அதன்பின் அக்குரல் கேட்கவில்லை.

குற்றத்தை அம்மையார்மேல் ஏற்றுவாரும் உளர். கப்பலார்மேல் ஏற்றுவாரும் உளர். இருசாராரும் புறப்படுமுன் ஒருங்கிருந்து ஒரே முறையைத் துணியாததே பெருங்குறை என்பது எம் கருத்து. இன்று அமெரிக்காவில் கோபுரமில்லா விமான நிலையங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மேகத்தினூடே கருவிகளை மட்டும் நம்பி அவற்றை நோக்கி வரும் விமானி, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டாரிடம் அனுமதி பெற்று, அவர் விடுத்தபின் அந்நிலையத்துக்கென முன்பே குறித்த பொது அலைவரிசைக்கு மாறித் தன் இடத்தையும், உயரத்தையும், இறங்கும் பாதையையும் சொல்லிக்கொண்டே வருகிறான். தரையில் விடைசொல்வார் இல்லையெனினும், அருகே பறப்போர் அதைக் கேட்டு விலகுவர். பல இடங்களில் ஒலிவாங்கியின் பொத்தானைச் சிலமுறை அழுத்தினாலே ஓடுபாதை விளக்குகள் எரியும். எந்த அலைவரிசை என்பது படத்திலேயே அச்சிடப்பட்டிருத்தலின் நடுவானில் அதுபற்றிய ஐயம் எழுவதில்லை.

கடற்படையினர் லெக்ஸிங்டன் என்னும் விமானந்தாங்கிக் கப்பலையும் ஏவி ஜூலை 19 வரை தேடினர், ஒன்றும் கிடைக்கவில்லை. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அம்மையார் இறந்தாரெனத் தீர்த்தது. கடலில் வீழ்ந்தாரென்றும், வேறு தீவொன்றில் இறங்கி மாண்டாரென்றும் பலவாறு கூறுவர், எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஹௌலந்துத் தீவில் மாலுமிகள் பகலில் கண்டறிதற்கென எழுப்பிய அடையாளத் தூணுக்கு அவர் பெயரே வழங்குகிறது.