கொடைக்கானலில் காஷ்மீர்ச் சிங்கம்

கொடைக்கானல் செல்வோர் ஏரியைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். அங்குள்ள கோஹினூர் பங்களாவில் 'காஷ்மீர்ச் சிங்கம்' ஷேக் அப்துல்லாஹ் காவலில் வைக்கப்பட்டிருந்ததை அறிந்தோர் சிலரே.

1905-இல் ஸ்ரீநகரை அடுத்த ஸௌராவில் பிறந்தார். சால்வை வியாபாரியான தந்தை ஷேக் முஹம்மது இப்ராஹீம், மகன் முகம் காணுமுன்பே வபாத்தாகிவிட்டார். அந்த எத்தீம் பிள்ளை நெடுந்தூரம் நடந்து சென்று பயின்று, 1930-இல் அலிகரில் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1933-இல் அக்பர் ஜஹான் பேகத்தை நிக்காஹ் செய்து, ஐந்து மக்களுக்குத் தந்தையானார்.

1948-இல் காஷ்மீரின் பிரதமரானவர், 1953-இல் பதவியிழந்து சிறைப்பட்டார். மகன் பாரூக்குக்கு அப்போது வயது 15. 1958-இல் சில மாதங்கள் தவிர, 1964 வரை சிறைதான். குடும்பப் பாரம் முழுவதையும் பேகம் சுமந்தார். 1965-இல் ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பியவர், மே 8-இல் டில்லியில் இறங்கியதும் மீண்டும் கைதானார். முதலில் உதகை, பிறகு கொடைக்கானல். 1968 ஜனவரியில்தான் விடுதலை.

1970-இல் பேரர் உமர் பிறந்தார். 1975-இல் முதலமைச்சரான ஷேக், 1982 செப்டம்பர் 8-இல் வபாத்தானார். தம் தலைமையில் சலவைக்கல்லால் புதுப்பிக்கப்பட்ட ஹஸ்ரத்பால் பள்ளியின் அருகிலேயே அடங்கியுள்ளார். அன்றே மகனும், 2009-இல் பேரரும் முதலமைச்சராயினர்.

தாய்மார்களே! பிழைப்புக்காகக் கடல் கடந்த தந்தையர் நம் வீடுகளில் பலர். அவர்கள் படும் பாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். தந்தை தொலைவிலிருந்தாலும் அவர்மீதுள்ள மதிப்பு வீட்டில் குறையாதிருக்கட்டும்.