டோனாவூர் அம்மா

சுவர் இதழுக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். என் வகுப்பில் எல்லாரும் விஞ்ஞானி, தலைவர்னு எடுத்துக்கிட்டாங்க. நான் கல்யாணமே ஆகாத ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

ஏமி கார்மைக்கேல் 16-12-1867 அன்று வட அயர்லாந்தில் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். சின்ன வயதில் தன் கண் நீலமாக மாற வேண்டும் என்று ஜெபம் பண்ணிவிட்டுத் தூங்கினாராம். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் அதே பழுப்புக் கண்! ஒரே அழுகை. பிற்காலத்தில் சேலை கட்டி நம்ம ஊர்ப் பெண்களோடு பெண்ணாக நடந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் கைகொடுத்தது.

ஞாயிறு தவறாமல் ஆலயம் போகும் குடும்பம் அவர்களுடையது. ஒருநாள் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆராதனை முடிந்து வரும்போது, கந்தல் உடுத்திய ஒரு பாட்டி பெரிய மூட்டையோடு தடுமாறினார். ஏமியும் தம்பிகளும் மூட்டையை வாங்கி, பாட்டியின் கையைப் பிடித்து நடந்தார்கள். நல்ல உடுப்பில் வந்த ஆலயத்தார் எல்லாம் பார்க்கிறார்களே என்று ஏமிக்கு வெட்கமாப் போச்சு. அப்படி வெட்கப்பட்டதை நினைத்துத்தான் பிறகு அதிகம் வெட்கப்பட்டார். அதன்பின் ஆலை வேலைக்குப் போகும் ஏழைப் பெண்களுக்காகவே உழைக்க ஆரம்பித்தார்.

1893இல் ஜப்பான் போனார், உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1895இல் பெங்களூர் வந்து, அடுத்த ஆண்டு நம் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து வாக்கர் ஐயரிடம் தமிழ் படித்தார். அப்புறம் சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1901 மார்ச்சில் ப்ரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி பண்ணைவிளையில் இவரிடம் வந்து சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்ட பிள்ளை அவள். முன்பு ஒருமுறை தப்பித்து தூத்துக்குடியில் இருந்த தாயிடம் ஓடியிருக்கிறாள். தாயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். தண்டனையாகக் கையில் சூடு போட்டார்களாம். அந்தக் கையோடுதான் ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கே அவரை அம்மா என்று கூப்பிட்டாள்.

பிறகு களக்காடு பக்கம் டோனாவூரில் பிள்ளைகள் பெருகினார்கள். கைக்குழந்தைகளைக் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. 1905இல் சில குழந்தைகள் இறந்தன. அதில் இந்திரநீலா அவருக்கு உயிர். இரவில் பால் காய்ச்சுவதும் துணி அலசுவதும் ஒரு மிஷனரி செய்கிற வேலையா என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஏமியும் பொன்னம்மாள் அக்காவும் அந்த வேலையை விடவில்லை. 1918 முதல் ஆண் பிள்ளைகளையும் சேர்த்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. அவர் அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. பல பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் தெரியாது. அதனால் டோனாவூருக்கு வந்த நாளையே கொண்டாடுவார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பரிசு உண்டு.

இதைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் நோட்டை மூடி வைத்துவிட்டேன். என்னை வளர்ப்பது பெரியம்மா. போன வருஷம் ஒரு படிவத்தில் தாயார் பெயர் என்று இருந்த இடத்தில் என்ன எழுதறதுன்னு தெரியாம பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பெரியம்மா வீட்டுக்கு எந்தத் தேதியில் வந்தேன் என்று நேற்றுதான் கேட்டேன். பெரியம்மா யோசிக்கவே இல்லை. ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, மழைன்னு சொல்லிவிட்டு அரிசி களையப் போயிட்டாங்க.

1931 அக்டோபரில் களக்காட்டில் மருத்துவ வேலைக்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார் ஏமி. இருட்டில், வெட்டி வைத்திருந்த குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் ஏறத்தாழ 20 வருடம் பெரும்பாலும் அறைக்குள்தான் வாழ்க்கை. படுக்கையில் இருந்தே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். 18-01-1951 அன்று டோனாவூரிலேயே இறந்தார்.

தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனசு கேட்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, அதில் ஒரே ஒரு வார்த்தை வெட்டினார்கள். அம்மா.