ஹாக்கி மன்னர் தியான் சந்த்

ஹாக்கி ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற தியான் சந்த் 1905 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். 1922 இல் இராணுவத்தில் சாதாரணப் போர்வீரராகச் சேர்ந்தார். 1928, 1932 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா தங்கப் பதக்கம் பெறப் பெரிதும் உழைத்தார்.

1936 இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்கு அவரே குழுத் தலைவர். ஆனால், போட்டிக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மானியரிடம் இந்தியா 4-1 எனத் தோற்றது. தலைவர் மனம் தளராது குறையை ஆராய்ந்தார். பந்தைக் குறுகிய தூரத்தில் ஒருவருக்கொருவர் தள்ளிக்கொடுத்து முன்னேறுவதே இந்தியரின் ஆட்டமுறை. இதற்கு முன்வரிசையினர் ஒருவர் குறிப்பை மற்றவர் அறிதல் வேண்டும். நடுவில் தியான் சந்த். அவருக்கு இடப்புறம் தம்பி ரூப் சிங். வலப்புறத்திற்கோ அத்தகைய துணை தேவைப்பட்டது. அவ்விடத்திற்கு ஏற்றவர் அலி தாரா எனத் தெளிந்து, தாயகத்திலிருந்து அவரை வரவழைத்தனர்.

விமானத்தில் வந்து சேர்ந்த தாரா அரையிறுதியில் ஆடினார். பிரான்சு 10-0 எனத் தோற்றது. ஆகஸ்டு 15 ஆம் நாள் ஜெர்மனியுடன் இறுதியாட்டம். முற்பாதியில் இந்தியா ஒரே கோல்தான் போட்டது. பிற்பாதியில் ஏழு கோல்கள்! 8-1 எனத் தங்கம் வென்றது.

1979 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் தியான் சந்த் மறைந்தார். அவர் பிறந்த நாளை இந்தியா தேசிய விளையாட்டு நாளாகப் போற்றுகின்றது.

மாணவச் செல்வங்களே! தமக்கு நிகரில்லாத வீரரும் தக்க துணையைத் தேடினார். நம் பள்ளிக் குழுவிற்கு ஆள் தேரும்போது, நம் நண்பனா என்று பாராது, அவ்விடத்திற்கு ஏற்றவனா என்று பார்ப்போமாக!