காது டாக்டரின் மகன் காது சீழால் இறந்த கதை: ஆஸ்கர் வைல்டுக்கு என்ன ஆச்சு?

எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு 1854-ல் டப்ளினில் பிறந்தார். அப்பா வில்லியம் வைல்டு பிரபலமான காது, கண் சர்ஜன். காதில் சீழ் வடிந்தால் அலட்சியம் கூடாது என்று 1853-லேயே புத்தகத்தில் எச்சரித்தவர்.

லண்டனில் மகனின் நாடகங்கள் ஹிட் அடித்துக்கொண்டிருந்த 1895-ல், தன்பாலின உறவு வழக்கில் 2 ஆண்டு கடுங்காவல் தண்டனை விழுந்தது. சிறையில் வலது காதில் சீழ், கேட்பதும் குறைந்தது. சரியான சிகிச்சை இல்லை என்று 1896-ல் உள்துறை அமைச்சருக்கு மனு போட்டார்.

1897-ல் விடுதலையாகி பிரான்ஸ் போனார். 1900 அக்டோபர் 10-ல் பாரிஸ் ஓட்டல் ரூமிலேயே காதில் ஆபரேஷன். நவம்பர் 30-ல் மூளை உறை அழற்சியால் இறந்தார். வயது 46. சிபிலிஸ்தான் காரணம் என்று பின்னாளில் பேச்சு கிளம்பியது. காதுத் தொற்றுதான் காரணம் என்று 2000-ல் லான்செட் இதழில் மருத்துவர்கள் வாதிட்டார்கள்.

காது சீழ் மூளைக்கு எப்படிப் போகும்?

நடுக்காதுக்கும் மூளைக்கும் இடையே இருப்பது மெல்லிய எலும்புத் தகடுதான். நாள்பட்ட சீழ் அதை அரித்துவிடும். அதே எலும்புக்குள் ஓடும் முக நரம்பு பாதித்தால் முகம் ஒரு பக்கம் கோணும். மண்டையோட்டின் அடிப்பகுதி வரை தொற்று பரவினால் 6-வது நரம்பு அடிபடும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். வைல்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று நமக்கு இருக்கிறது. காதில் சீழோடு தலைவலி, முகக்கோணல், இரட்டைப் பார்வை வந்தால் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.