முருகனைப் பங்காளியாக்கிய சாண்டோ சின்னப்பா தேவர்

 

கிருத்திகைக்குத் திருமுடிவாக்கத்திலிருந்து குன்றத்தூர் மலைக்கு என்னோட வர்ற தம்பி தங்கைகளுக்கு, சின்னப்பா தேவர்னா யானைப் படம் எடுத்தவர் என்ற அளவுலதான் தெரியுது. அவர் மறைந்து எத்தனையோ வருஷம் கழிச்சுப் பிறந்தவங்க, பாவம். அதனாலதான் இந்தப் பதிவு.

தேவர் 1915-ல் கோயம்புத்தூர் ராமநாதபுரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். சின்ன வயசுலேயே மில் வேலைக்குப் போனார். உடற்பயிற்சியில் ஊறிய உடம்பு. சாண்டோ என்ற உலகப் புகழ் பலசாலியின் பெயரே அவருக்குப் பட்டமாச்சு. சினிமாவில் சண்டை போடும் சின்னச் சின்ன வேஷங்கள் கிடைச்சது. 1947-ல் வந்த ராஜகுமாரியில் எம்.ஜி.ஆரோடு மோதினார். அந்தப் பழக்கம் ஆயுள் நட்பாச்சு.

1956-ல் தேவர் பிலிம்ஸின் தாய்க்குப் பின் தாரம் வந்தது. தன் தம்பி எம்.ஏ.திருமுகத்தை இயக்குநராக்கினார். பிறகு மருமகன் தியாகராஜனும் இயக்குநர் ஆனார். தான் மேலே வந்ததும் கூடப் பிறந்தவங்களையும் கைதூக்கி விட்டார். தாய் சொல்லைத் தட்டாதே, தாயைக் காத்த தனயன், குடும்பத் தலைவன்னு அவர் படத் தலைப்புகளைப் பார்த்தாலே மனசு புரியும். எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படம்!

அந்தக் குடும்பத்துல இன்னொருத்தரும் உண்டு. நம்ம முருகன்தான். லாபத்தில் அவனுக்கு ஒரு பங்கை எடுத்து வெச்சிடுவார். மருதமலைக்கு மின்விளக்கு வந்ததில் அவர் பங்கு பெரிசு. மத்த முருகன் தலங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். உரிமையா அவனைத் திட்டவும் செய்வார். கூடப் பிறந்தவன்கிட்ட சண்டை போடுற மாதிரிதான்.

1967-ல் தெய்வச்செயல் பெரிசா ஓடலை. அவர் சோர்ந்து போகலை. அதே கதையை 1971-ல் ராஜேஷ் கன்னாவை வைத்து இந்தியில் ஹாத்தி மேரே சாத்தியாக எடுத்தார். நாடே கொண்டாடியது. தண்டாயுதபாணி பிலிம்ஸ்னு முருகன் பேரிலேயே இன்னொரு கம்பெனி. அதில் துணைவன் (1969), தெய்வம் (1972) ரெண்டும் வந்தது. தெய்வம் படத்தில் வாரியார் சுவாமிகளே தோன்றுவார். மதுரை சோமு மருதமலையானை உருகிப் பாடுவார்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. நடிகர்களுக்குப் பேசின சம்பளத்தை முன்கூட்டியே முழுசா கொடுத்துடுவார். சொன்ன தேதியில் படத்தையும் முடிப்பார். பாக்கி வெச்சு அலையவிடுற பழக்கமே இல்லை. எங்க ஊர் சிட்கோ பட்டறைகள்ல வேலை பாக்குற தம்பிகளுக்கு, ஒண்ணாம் தேதி சம்பளம் வர்றதோட அருமை நல்லாவே தெரியும். வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ், அம்மா மருந்து எல்லாம் அதுலதானே இருக்கு? உழைச்சவன் கையில காசு போய்ச் சேர்ந்த பிறகு உண்டியல்ல போடுற காசுதான் முருகனுக்கு இனிக்கும். தேவர் வாழ்க்கையில் நான் படிச்ச பாடம் இது.

1978 செப்டம்பரில், 63 வயசுல, முருகன் அவரை அழைச்சுக்கிட்டான். ரஜினி நடித்த தாய் மீது சத்தியம் அவர் மறைந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

அலகு குத்தறதும் காவடி எடுக்கறதும் பக்திதான். யாருக்காவது நாம கொடுக்க வேண்டிய கூலியோ கைமாத்தோ பாக்கி இருந்தா, வர்ற கிருத்திகைக்குள்ள அதையும் தீர்த்துடுவோம். அப்புறம் மலை ஏறுவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! படிச்சதும் உங்க குரூப்ல பகிருங்க உறவுகளே.