கிரகணம் தேடிய ஜான்ஸென்

நம் பவானியாற்றுக்கு நீரளிக்கும் நீலகிரியில், உதகைக்கு அண்மையிலுள்ள சோலூருக்கு 1871-ஆம் ஆண்டின் இறுதியிற் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் வந்து தங்கினார். குழந்தைப் பருவத்திலேயே கால் ஊனமுற்றவர், அகவை நாற்பத்தேழு. அவர்தாம் பியர் ஜான்ஸென்.

1824-இற் பாரிஸ் நகரிற் பிறந்த இவர், பாங்கியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே கல்வி பயின்று, பின்னர்ச் சூரிய ஆராய்ச்சிக்கே தம்மை ஒப்புவித்தார். சூரியனைச் சூழ்ந்து மெல்லிய ஒளிமகுடம் ஒன்றுண்டு. பகலவனது பேரொளியின் முன் அது கட்புலனாகாது. சந்திரன் அப்பேரொளியை முற்றும் மறைக்கும் பூரண கிரகணத்தின் சில நிமிஷங்களிலேயே அது தோன்றும். அந்நிமிஷங்களைத் தேடியே இவர் கடல்களைக் கடந்தார்.

1868 ஆகஸ்டு 18-இற் குண்டூரில், சூரிய விளிம்பினின்றும் எழும் செஞ்சுவாலைகளை நிறமாலைக் கருவியால் நோக்கினார். அவற்றின் கோடுகள் மிக்க ஒளியுடன் விளங்கவே, கிரகணமின்றியும் இவற்றைக் காணலாகாதோ என எண்ணி, மறுநாளே முயன்று வெற்றி பெற்றார். அக்கருவி வானத்தின் கூசொளியைப் பல நிறங்களாக விரித்து மெலிவிக்கும். சுவாலையின் ஒளியோ சில கோடுகளிற் செறிந்து நிற்றலின் அங்ஙனம் மெலியாது. இங்கிலாந்தில் லாக்யரும் இம்முறையைத் தனியே கண்டனர். இருவர் முகமும் பொறித்த பதக்கமொன்றைப் பிரெஞ்சு அரசாங்கம் வெளியிட்டது.

ஒளிமகுடம் மட்டும் இம்முறைக்கு அகப்படவில்லை. அது சூரியனைச் சார்ந்ததோ, நம் காற்றுமண்டலத்தின் மாயத்தோற்றமோ என்னும் ஐயமும் அறிஞரிடை நிலவிற்று. 1870 டிசம்பரில் ஆப்பிரிக்காவின் வடகரையில் ஒரு கிரகணம் தெரியவிருந்தது. ஜெர்மானியர் அப்பொழுது பாரிஸை முற்றுகையிட்டிருந்தனர். ஜான்ஸென் தம் கருவிகளுடன் பலூனில் ஏறிப் பகைவர் தலைக்குமேற் பறந்து தப்பி, ஓரான் நகரை அடைந்தார். கிரகண நாளில் மேகம் மூடிக்கொண்டது! வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

அடுத்த ஆண்டே சோலூர். டிசம்பர் 12-ஆம் நாட் காலையில் சென்னை வானாராய்ச்சிக் கூடத்துப் போக்ஸன் அவிநாசியிற் காத்திருக்க, இவர் மலைமேல் நின்றார். வானம் தெளிந்திருந்தது. இருள் சூழ்ந்தது இரண்டு நிமிஷ அளவே. அதற்குள் ஒளிமகுடத்தின் நிறமாலையில் ஹைட்ரஜன் வாயுவின் ஒளிக்கோடுகளையும், அவற்றிடையே மங்கிய கருங்கோடுகளையும் கண்டார். முன்னவை அங்கே வாயு உண்டென்பதையும், பின்னவை அங்குள்ள பொருள் சூரியனது ஒளியையே வாங்கிச் சிதறுகின்றது என்பதையும் காட்டின. ஒளிமகுடம் மாயத்தோற்றமன்று; சூரியனுக்கே உரியது.

தாயகம் மீண்டபின் பாரிஸை அடுத்த மெதோனில் வானாராய்ச்சிக் கூடம் நிறுவி, 1907-இல் மறையும்வரை அதன் தலைவராயிருந்தார். பிற்காலத்தில் அக்கூடத்திற் பணிபுரிந்த பெர்னார் லியோ என்பார், தொலைநோக்கியினுள்ளே ஒரு சிறு வட்டத்தைச் சந்திரனுக்குப் பதிலாக அமைத்துச் சூரியனை மறைத்து, பிரெனே மலையுச்சியில் 1930-இற் கிரகணமில்லாத பட்டப்பகலில் ஒளிமகுடத்தைக் கண்டார்.